பத்தமடைக் கோரைப் பைக்கு வர்த்தக ஒப்பந்தத்தால் என்ன கிடைக்கும்?

சேரன்மகாதேவிப் பக்கம் கோரைப் பாயும் கோரைப் பையும் செய்து விற்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "துபாய்க்கும் லண்டனுக்கும் கொஞ்சம் அனுப்புகிறேன். மச்சான் சாத்தான்குளம் பக்கம் நிலாவாரை மூலிகை வாங்கி விற்கிறார். ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, இனிமே வரியே இல்லைன்னு பேப்பர்ல வருது. எங்களுக்கு இதுல என்ன கிடைக்கும்? வெளிநாட்டுச் சரக்கு வந்து எங்க பொழப்பைக் கெடுக்குமா?" இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. உங்கள் சரக்கு அந்த நாட்டுக்குள் நுழையும்போது அங்கே கட்டும் சுங்கத் தீர்வை குறையுமா என்பது ஒன்று. அந்த நாட்டுச் சரக்கு இங்கே வரும்போது நம் அரசு வாங்கும் தீர்வை குறைந்து, உள்ளூர் விலை சரியுமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தனித்தனிப் பதில். முதலாவதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கையில் வரவேண்டிய காசு அதில்தான் வீணாகப் போகிறது.

ஒப்பந்தம் என்றால் இரண்டு நாடுகளும் எல்லாச் சரக்குக்கும் கதவைத் திறந்துவிட்டன என்று பொருளல்ல. அது ஆயிரக்கணக்கான வரிசைகள் கொண்ட ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சரக்கின் எண், அதற்கெதிரே இன்றுள்ள தீர்வை, அது உடனே பூஜ்யமாகுமா, ஐந்தோ பத்தோ வருடத்தில் படிப்படியாகக் குறையுமா, அல்லது சலுகையே கிடையாதா என்று எழுதியிருக்கும். அந்த எண்ணுக்கு எச்.எஸ். எண் என்று பெயர். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. அதன்பின் வரும் இலக்கங்கள் நாட்டுக்கு நாடு மாறும், நம்மூரில் மொத்தம் எட்டு. எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் ஒப்பந்தத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ பேசுவதில் அர்த்தமில்லை.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். அறுத்துக் காயவைத்த கோரை 1401 என்ற தலைப்பில் வரும். அதையே பாயாக நெய்தால் 4601. கூடையாகவோ பையாகவோ முடைந்தால் 4602. இதுவரை சிக்கலில்லை. ஆனால் இப்போது கடைகளில் நன்றாகப் போவது பருத்தித் துணியில் தைத்து, முன்பக்கம் மட்டும் ஒரு துண்டுப் பாயை வைத்த பை. முடைந்த பொருள்கள் கைப்பைகளுக்கான 4202 தலைப்பில் சேராது என்று 42ஆம் அத்தியாயத்தின் குறிப்பு சொல்கிறது. ஆனால் துணி அதிகமாகி, பாய் வெறும் அலங்காரமாகிவிட்டால் அங்குள்ள சுங்க அதிகாரி அதைத் துணிப்பை என்றே எடுத்து 4202இல் போடலாம். இரண்டுக்கும் தீர்வை வேறு, ஒப்பந்தச் சலுகையும் வேறாக இருக்கலாம். ஆகவே வாங்குபவருக்குப் பையின் படத்தையும், எந்தப் பொருள் எவ்வளவு என்ற விவரத்தையும் அனுப்பி, சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் அவருடைய கிளியரிங் ஏஜென்ட் எந்த எண்ணில் இறக்கப்போகிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே சுங்கத்துக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் போடும் முதல் ஆறு இலக்கமும் அங்கே போடும் ஆறு இலக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் சலுகை மறுக்கப்படுவதற்கு அதுவே போதும்.

எண் கிடைத்ததும் அடுத்துப் பார்க்கவேண்டியது, அந்த எண்ணுக்கு முன்பே தீர்வை இருந்ததா என்பது. இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 முதல் தொழிற்பொருள்களுக்கான தீர்வையை எல்லா நாடுகளுக்கும் எடுத்துவிட்டது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நான்கும் சேர்ந்த இஃப்டா கூட்டமைப்போடு நாம் செய்த ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1இல் அமலுக்கு வந்தது. ஜூரிச்சுக்குப் போகும் கோரைப் பைக்கு அந்த ஒப்பந்தத்தால் ஒரு பைசா தீர்வை குறையவில்லை, ஏனென்றால் குறைக்க அங்கே எதுவும் மீதமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் கோரை முடைந்த பொருள்களுக்குச் சாதாரணத் தீர்வையே நான்கு சதவீதத்துக்குள்தான். தைத்த ஆடையின் கதை வேறு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான ஆடைகளுக்குச் சாதாரணத் தீர்வை 12 சதவீதம். வளரும் நாடுகளுக்கான சலுகையில் நாம் அனுப்பினாலும் 9.6 சதவீதம் கட்டவேண்டியிருந்தது. அங்கே தீர்வை பூஜ்யமாவது ஆடை தைத்து அனுப்புபவருக்குப் பெரிய காரியம். செய்தித்தாளில் ஒப்பந்தத்தைக் கொண்டாடுவது திருப்பூருக்குப் பொருந்துகிற அளவுக்குப் பத்தமடைக்குப் பொருந்தாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கையெழுத்தான நாளும் அமலாகும் நாளும் வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 பிப்ரவரி 18இல் கையெழுத்து, மே 1இல் அமல். இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. இஃப்டாவோடு 2024 மார்ச் 10இல் கையெழுத்து, அமலாக ஒன்றரை வருடம் தாண்டிவிட்டது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24இல் கையெழுத்தானது. அமலான தேதிக்கு ஒரு நாள் முந்தி அங்கே இறக்கிய சரக்குக்குப் பழைய தீர்வைதான். அதனால் லண்டன் சரக்கைப் பொறுத்தவரை, அறிவிக்கையில் உள்ள தேதியையும் கப்பல் போய்ச் சேரும் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் விலை பேசவேண்டும். கையெழுத்துப் படத்தை நம்பி விலையைக் குறைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

துபாய்க் கணக்கைப் பார்ப்போம். அமீரகத்தில் பெரும்பாலான சரக்குக்குச் சாதாரணத் தீர்வை 5 சதவீதம். ஒரு பை இங்கே கப்பலேற்றும் விலை 400 ரூபாய், 500 பை என்றால் 2,00,000. கப்பல் கூலியும் காப்பீடும் 20,000 என்று வைத்துக்கொண்டால் அங்கே போய்ச் சேரும் மதிப்பு 2,20,000. அதில் 5 சதவீதம் 11,000 ரூபாய். உங்கள் எண்ணுக்கு எதிரே அட்டவணையில் உடனடிப் பூஜ்யம் என்று இருந்தால் மிச்சமாவது இந்த 11,000தான், அதாவது பைக்கு 22 ரூபாய். அங்குள்ள 5 சதவீத வாட் வரியை ஒப்பந்தம் தொடாது, அது அப்படியே இருக்கும். இன்னொன்று, தீர்வையைக் கட்டுவது நீங்களல்ல, அங்கே இறக்குபவர். மிச்சமும் முதலில் அவர் பைக்குள்தான் போகிறது. அதில் உங்களுக்குப் பங்கு வேண்டுமென்றால், கொட்டேஷன் அனுப்பும்போதே "ஒப்பந்தச் சலுகைக்கான சான்றிதழோடு ஒரு விலை, சான்றிதழ் இல்லாமல் ஒரு விலை" என்று இரண்டாகப் போட்டுக் காட்டுங்கள். 22 ரூபாயில் எட்டோ பத்தோ உங்கள் பக்கம் வர வாய்ப்புண்டு. நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது, அது பேரம். வாங்குபவர் ஜெபல் அலி போன்ற சுதந்திர மண்டலத்தில் வைத்து அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு மறு ஏற்றுமதி செய்கிறவர் என்றால் அமீரகத் தீர்வையை அவர் முன்பும் கட்டவில்லை, இப்போதும் கட்டப்போவதில்லை. அவரிடம் இந்தப் பேரமே செல்லாது.

சலுகை தானாக வராது. சரக்கு இந்தியாவில் பிறந்தது என்று காட்டினால்தான் கிடைக்கும். இதற்கான விதிகளைத் தோற்ற விதிகள் என்பார்கள். விதி பொதுவாக இரண்டு வகை. மூலப்பொருளின் எச்.எஸ். தலைப்பும் முடிந்த சரக்கின் தலைப்பும் வேறாக இருக்கவேண்டும் என்பது ஒன்று. சரக்கின் மதிப்பில் குறைந்தது இவ்வளவு சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்கவேண்டும் என்பது மற்றொன்று. சில ஒப்பந்தங்கள் இரண்டில் ஒன்று போதும் என்கின்றன, சில இரண்டையும் கேட்கின்றன. இலங்கை ஒப்பந்தம் 35 சதவீத மதிப்பையும் நான்கு இலக்கத் தலைப்பு மாற்றத்தையும் சேர்த்தே கேட்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு உள்ள ஒப்பந்தம் 35 சதவீதத்தோடு ஆறு இலக்க மாற்றத்தைக் கேட்கிறது. கோரைக்கு இது சுலபம். கோரை தாமிரபரணிக் கரையில் அறுத்ததோ, கரூர் முசிறிப் பக்கம் வாங்கியதோ, எல்லாம் இந்தியாதான். 1401 என்பது 4601 ஆகிவிடுகிறது. பாவு நூல் இங்கே நூற்ற பருத்தி. சப்பாங்கட்டைச் சாயமோ கடைச் சாயமோ மதிப்பில் அற்பம். உயர்ந்த ரகப் பட்டுப் பாய்க்கு வெளிநாட்டுப் பட்டு நூல் போட்டால்கூட மதிப்பில் பெரும்பங்கு நெய்தவருடைய கைவேலைதான். ஆனால் வியட்நாம் கூடையை வாங்கி, உள்ளே துணி மட்டும் தைத்து, நம் லேபிள் போட்டு அனுப்பினால் அது இந்தியச் சரக்கு ஆகாது. வெட்டுவது, கழுவுவது, பொட்டலம் கட்டுவது, லேபிள் ஒட்டுவது போன்ற சின்ன வேலைகளால் தோற்றம் மாறாது என்று ஒப்பந்தங்களில் பொதுவாக எழுதியிருக்கும்.

மதிப்புக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பதற்குக் கல்லிடைக்குறிச்சி அப்பளம் நல்ல எடுத்துக்காட்டு. நம் நாட்டுக்கு இறக்குமதியாகும் உளுந்தில் பெரும்பகுதி மியான்மர் உளுந்து. ஒரு கிலோ அப்பளத்தின் கப்பலேற்றும் விலை 200 ரூபாய், அதில் இறக்குமதி உளுந்தின் மதிப்பு 90 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 200இல் 90 போக 110, அதாவது 55 சதவீதம் உள்நாட்டு மதிப்பு. ஒப்பந்தம் 40 கேட்டாலும் தேறிவிடும். அதே அப்பளத்தைப் போட்டி காரணமாக 140க்கு இறக்கி விற்றால் 140இல் 90 போக 50, வெறும் 35.7 சதவீதம். 35 கேட்கும் ஒப்பந்தத்தில் மயிரிழையில் தப்பும், 40 கேட்டால் தேறாது. சரக்கு மாறவில்லை, பக்குவம் மாறவில்லை, விலையைக் குறைத்ததால் தோற்றமே போய்விட்டது. இந்த இடத்தில் தலைப்பு மாற்ற விதி கைகொடுக்கலாம், ஏனென்றால் உளுந்து 0713, அப்பளம் 1905. எந்த விதியைக் காட்டினால் தேறும் என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடவேண்டும். உளுந்து மியான்மர்ச் சரக்கா உள்நாட்டுச் சரக்கா என்று மளிகை மண்டி பில்லில் இருக்காது. ஆகவே இறக்குமதி என்றே எடுத்துக் கணக்குப் போடுவதுதான் பாதுகாப்பு.

தோற்றச் சான்றிதழை, ஏஜென்ட்டுகள் சொல்லும் சர்ட்டிபிகேட் ஆஃப் ஆரிஜினை, இப்போது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளம் வழியாக மின்னணு முறையில்தான் வாங்கவேண்டும். முதலில் ஐ.இ.சி. என்னும் ஏற்றுமதி இறக்குமதி எண் வேண்டும். பான் எண்ணை வைத்து எடுப்பது, கட்டணம் 500 ரூபாய். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களைச் சரிபார்த்து உறுதிசெய்யாவிட்டால் எண் செயலிழந்துவிடும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். பிறகு இணையதளத்தில் சரக்கின் எண், இன்வாய்ஸ், மூலப்பொருள் விலை விவரம், ஷிப்பிங் பில் ஆகியவற்றை ஏற்றி விண்ணப்பிக்கவேண்டும். இங்கே நடக்கும் தவறுகள் மிகச் சாதாரணமானவை. இன்வாய்ஸில் "கோரைப் பை" என்றும் ஷிப்பிங் பில்லில் "கைவினைப் பொருள்" என்றும் இருக்கும். நிகர எடை ஒன்றில் 310 கிலோ, மற்றொன்றில் 301 கிலோ என்று இலக்கம் மாறியிருக்கும். வாங்குபவரின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும். அந்தப் பக்கம் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. அவருக்குத் தெரிவது காகிதம் மட்டுமே.

நம் பக்கத்துக்கென்று உள்ள ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்லவேண்டும். தூத்துக்குடியில் ஏற்றும் கண்டெய்னர் பல தடவை கொழும்பில் இறங்கி வேறு கப்பலில் ஏறுகிறது. சலுகை கேட்கும் சரக்கு நேராகப் போயிருக்கவேண்டும் என்பது ஒப்பந்தங்களின் பொது விதி. வழியில் கப்பல் மாறலாம், ஆனால் அங்கே சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டை விட்டு வெளியே போயிருக்கக்கூடாது, பிரித்து மாற்றியிருக்கக்கூடாது. இதைக் காட்டுவதற்குத் தூத்துக்குடியில் தொடங்கிக் கடைசித் துறைமுகம் வரை கப்பல் கம்பெனி கொடுக்கும் ஒரே பில் ஆஃப் லேடிங் வேண்டும். தூத்துக்குடி முதல் கொழும்பு வரை ஒன்று, கொழும்பு முதல் ஒன்று என்று இரண்டு பில் வாங்கினால், சரக்கு இலங்கையிலிருந்து வந்ததுபோலத் தோன்றும். சிறு சரக்கைப் பலருடைய சரக்கோடு ஒரே கண்டெய்னரில் சேர்த்து அனுப்பும்போது இது அடிக்கடி நேர்கிறது, ஏனென்றால் கொழும்பில் பிரித்து அடுக்குகிறார்கள். முன்பதிவு செய்யும்போதே ஏஜென்ட்டிடம் "ஒரே பில்லாக வருமா, கொழும்பில் பிரிப்பார்களா" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, சான்றிதழ் இருந்தாலும் சரக்கை இறக்குபவர் தன்னுடைய படிவத்தில் சலுகையைக் கேட்டிருக்கவேண்டும். கேட்காவிட்டால் முழுத் தீர்வை பிடித்துவிடுவார்கள், திரும்ப வாங்குவது நாட்டுக்கு நாடு மாறும் தனி வேலை.

மச்சானுடைய நிலாவாரைக்கு வருவோம். சிலர் அவுரி என்பதும் இதைத்தான். வெளிநாட்டு மருந்துச் சந்தையில் இதற்குப் பெயரே டின்னவேலி சென்னா. நம் மாவட்டத்தின் பெயரைத் தாங்கி ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் போகும் சரக்கு அது, மலச்சிக்கல் மருந்துக்கும் தேநீர்ப் பொட்டலத்துக்கும். இதன் தலைப்பு 1211. ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தத் தலைப்பில் உள்ள மூலிகைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தீர்வை முன்பிருந்தே பூஜ்யம். ஆகவே தீர்வையைக் குறைக்கும் எந்த ஒப்பந்தமும் நிலாவாரையின் விலையை ஏற்றாது. அங்கே வாசலில் நிற்பது பரிசோதனைக்கூடம். முதலாவது, சென்னோசைடு என்னும் மருந்துச் சத்து. வாங்குபவர் இலையை இந்தச் சத்தின் சதவீதத்தை வைத்துத்தான் விலை போடுகிறார். தாமதமாகப் பறித்த முற்றிய இலை, வெயிலில் கிடந்து மஞ்சளான இலை, காம்பும் தண்டும் கலந்த மூட்டை, எல்லாம் சத்தைக் குறைக்கும். இரண்டாவது, பூச்சிமருந்து எச்சம். மூன்றாவதுதான் இப்போது பலரைக் கவிழ்க்கிறது. நிலாவாரை வயலில் களையாக வளரும் தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற ஈரல் நச்சு உண்டு. அறுப்பில் அவை கலந்துவிட்டால் முழு மூட்டையும் கெட்டது. ஐரோப்பாவில் உலர்ந்த மூலிகைத் தேநீர்ச் சரக்குகள் பலவற்றுக்கு இதன் உச்சவரம்பு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். ஒரு டன் சரக்குக்கு மொத்தமே 200 மில்லிகிராம் நச்சு. விரல் நுனியில் அள்ளும் அளவு. களத்தில் கொட்டிக் காயவைத்த பிறகு களையைப் பொறுக்க முடியாது, இலை நொறுங்கி எது எதென்று தெரியாமல் போய்விடும். பூப்பதற்கு முன்பு வயலில் இறங்கிக் கையால் பிடுங்குவது ஒன்றுதான் வழி. கொள்முதல் விலையில் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூட்டிக் கொடுத்து, களை பறித்த வயலிலிருந்து மட்டும் வாங்கி, அந்த மூட்டைகளைத் தனியாக வைப்பது மச்சானுக்கு எந்த ஒப்பந்தத்தையும்விட அதிகப் பலன் தரும். இதோடு, ஆந்த்ராசீன் வகைச் சத்துள்ள தாவரங்களை உணவிலும் ஊட்டப் பொருள்களிலும் சேர்ப்பது பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் போட்ட விதியில் நிலாவாரையைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. மருந்தாகப் போகும் சரக்கும் ஊட்டப் பொருளாகப் போகும் சரக்கும் இனி வெவ்வேறு பாதை என்று எடுத்துக்கொண்டு, வாங்குபவர் எதற்கு வாங்குகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இதே வகைதான். கடலை அதிகமா வெல்லம் அதிகமா என்பதை வைத்து பக்குவப்படுத்திய கடலைக்கான 2008 என்ற தலைப்பா, இனிப்புக்கான 1704 என்ற தலைப்பா என்று வாதத்துக்கு இடமுண்டு. அதற்கும் மேலே அஃப்ளடாக்சின் பூஞ்சை நச்சு. நேராகத் தின்னும் கடலைக்கு ஐரோப்பாவில் உச்சவரம்பு, இந்த நச்சில் பி1 என்ற வகைக்குக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 4. நம் நாட்டு வரம்பு இதைவிடத் தாராளம். உள்ளூர்ப் பரிசோதனையில் தேறிய சரக்கு அங்கே திருப்பி அனுப்பப்படுவதற்கு இதுதான் காரணம். உடன்குடிக் கருப்பட்டியோ சர்க்கரை அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சர்க்கரையைப் பல நாடுகள் ஒப்பந்தத்துக்கு வெளியே வைத்திருக்கும், அல்லது அளவு கட்டிவிடும். பனையேறி இறக்கிய பதநீரும் கரும்பாலைச் சர்க்கரையும் சுங்க அட்டவணையில் ஒரே குடும்பம் என்பது நியாயமா என்று கேட்கலாம், ஆனால் அட்டவணை அப்படித்தான் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி, வெளிச்சரக்கு வந்து அடிக்குமா என்பது. அடிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் எல்லா அடியும் ஒப்பந்தத்திலிருந்து வருவதில்லை. தென்காசி, கடையம் பக்கத் தென்னை விவசாயி பாமாயிலைக் குறை சொல்வார். ஆசியான் ஒப்பந்தம் 2010 ஜனவரி 1இல் அமலானபோது, கச்சா பாமாயிலுக்குத் தீர்வையை 2019 முடிவுக்குள் 37.5 சதவீதத்துக்கு இறக்குவதாகத்தான் நாம் ஒப்புக்கொண்டோம். அதற்குக் கீழே இறக்கியது நம் அரசே, எண்ணெய் விலையைக் கட்டுப்படுத்த. 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்களுக்கு அடிப்படைத் தீர்வையைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக ஏற்றினார்கள், 2025 மே இறுதியில் 10 ஆக்கினார்கள். ஒன்பது மாதத்துக்குள் இரண்டு தடவை. கொப்பரை விலையை ஆட்டுவது இந்த அறிவிக்கைகள்தான். கோரிக்கை வைப்பதென்றால் எங்கே வைப்பது என்பதற்கும் இது தெரிந்திருக்கவேண்டும். தீப்பெட்டித் தொழிலை நொறுக்கிய மலிவு லைட்டர் சீனாவிலிருந்து வந்தது. சீனாவோடு நமக்குத் தனி வரியில்லா ஒப்பந்தம் கிடையாது, 2019 நவம்பரில் சீனாவும் சேர்ந்த ஆர்செப் வர்த்தகக் கூட்டிலிருந்தும் விலகிவிட்டோம். அங்கே உதவியது இறக்குமதித் தடை: 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் தடைசெய்யப்பட்டது. பிறகு உதிரிபாகமாகக் கொண்டுவந்து இங்கே பூட்ட ஆரம்பித்ததால் 2024 அக்டோபரில் அதற்கும் கட்டுப்பாடு வந்தது.

ஒப்பந்தமே நேரடிக் காரணமான அடிக்கு மிளகுதான் எடுத்துக்காட்டு. இலங்கை ஒப்பந்தம் 2000 மார்ச்சில் அமலானது. வியட்நாம் மிளகு இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்ற புகார் பெரிதாகி, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். பிறகு 2020 செப்டம்பர் 21 முதல், சலுகைத் தீர்வையில் இறக்குபவர் சரக்கு எப்படி உற்பத்தியானது என்ற விவரத்தைத் தானே வைத்திருக்கவேண்டும், வெறும் சான்றிதழைக் காட்டித் தப்ப முடியாது என்று சுங்கச் சட்டத்தில் விதி வந்தது. அந்த விவரத்தை ஐந்து வருடம் பாதுகாக்கவேண்டும்.

உங்கள் தொழிலுக்கு இறக்குமதி பெரிய எதிரி என்று நான் நினைக்கவில்லை. சாதாரணக் கோரைப் பாயைக் கல்யாண வீட்டிலிருந்தும் படுக்கையிலிருந்தும் விரட்டியது பிளாஸ்டிக் பாய். அது நம் நாட்டு ஆலைகளிலேயே நெய்யப்படுகிறது, எந்த ஒப்பந்தமும் அதைக் கொண்டுவரவில்லை. வியட்நாம் முடைந்த கூடைகள் நகரத்து அலங்காரக் கடைகளில் உங்கள் பையோடு போட்டியிடும், அவற்றுக்கான தீர்வையை ஆசியான் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். வியட்நாமுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2020 ஆகஸ்ட் 1 முதலே ஒப்பந்தம் உண்டு என்பதுதான் உங்களுக்கு அதிகக் கவலை தரவேண்டியது. ஒரே மாதிரி அளவில், ஒரே நிறத்தில், ஐயாயிரம் கூடை மாதாமாதம் அனுப்பும் திறமை அவர்களிடம் இருக்கிறது. மூன்று சதவீதத் தீர்வை வித்தியாசத்தைவிட அதுதான் பெரிய வித்தியாசம். சொந்த நாட்டு விலையைவிடக் குறைத்து இங்கே கொண்டுவந்து கொட்டினால், பொருள் குவிப்புக்கு எதிரான வரி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டுதான். ஆனால் மனுவை ஆதரிக்கும் உற்பத்தியாளர்கள் உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதமாவது இருக்கவேண்டும், விலையும் நட்டமும் கணக்கோடு காட்டவேண்டும். வீட்டுத் திண்ணையில் நெய்யும் தொழிலில் அந்தக் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இப்போதிருந்தே உற்பத்திப் பதிவேடு வைப்பது இதற்காகவும் அவசியம்.

அமெரிக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. வளரும் நாடுகளுக்கான சலுகையை அவர்கள் 2019 ஜூன் 5இல் நமக்கு நிறுத்தினார்கள். 2025 ஆகஸ்டில் 25 சதவீதமும், 27ஆம் தேதி முதல் மேலும் 25 சதவீதமும் கூடுதல் தீர்வை போட்டார்கள். 29ஆம் தேதியோடு 800 டாலருக்குட்பட்ட பார்சலுக்கான விலக்கும் போனது. இவையெல்லாம் ஒரு கையெழுத்தில் வருபவை, ஒரு கையெழுத்தில் மாறுபவை. அமெரிக்க விலையை மாதக்கணக்கில் நிலையாகக் கொடுக்காமல், ஏற்றும் நாளன்று உள்ள தீர்வையைப் பார்த்துக் கொடுங்கள்.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது: அதிகம் போகும் மூன்று சரக்கை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு இலக்க எண்ணை உறுதிசெய்யுங்கள். மதுரையில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அலுவலகம் இருக்கிறது. அரசின் ட்ரேட் கனெக்ட் இணையதளமும் இருக்கிறது. பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் இரண்டும் தங்கள் தீர்வையை இணையத்தில் இலவசமாகக் காட்டுகின்றன. அந்த மூன்றுக்கும் இன்றைய தீர்வை, ஒப்பந்தத் தீர்வை, தோற்ற விதி என்று ஒரு தாளில் எழுதினால் எந்த நாட்டில் பேரம் பேசலாம் என்பது தெரிந்துவிடும். கோரை கொள்முதலுக்கு இன்றிலிருந்தே ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, யாரிடம் வாங்கியது, எந்த ஊர்க் கோரை, எத்தனை கட்டு, என்ன விலை. கையால் எழுதிய நோட்டு போதும், ஆனால் ஐந்து வருடம் பத்திரமாக இருக்கவேண்டும். அங்குள்ள சுங்கத்துறை இரண்டு வருடம் கழித்து இங்கே எழுதிக் கேட்டால் காட்டுவதற்கு அதுதான் சான்று. அப்புறம் ஆற்றில் ஊறவைத்த கோரையை நெய்வதற்கு முன் காயவைத்தது போதாது. நெய்து முடித்த பையையும் கண்டெய்னரில் ஏற்றும் முன் இரண்டு நாள் நிழலில் காற்றாடப் போடுங்கள், சரக்கை அடுக்கும் மரப் பலகைகளில், மரப்பூச்சி சாக 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அட்டைப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பை வையுங்கள். கொழும்பில் ஒரு வாரம் வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் பூசணம் பிடித்த பைக்குத் தீர்வை பூஜ்யமாக இருந்தாலும் அதை யாரும் வாங்கப்போவதில்லை.